சாலையை மூடினால்தான் ராலி: தார்ப்பாதையில் ஜிடி கார்கள் ஓடும் கதை

லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு கார்ப் போட்டி 1968 நவம்பர் 24 அன்று தொடங்கியது. கிளம்பியவை 98 கார்கள். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், டெல்லி வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தவை 72. இங்கே துறைமுகத்தில் 'சூசன்' கப்பலில் ஏற்றி அவற்றை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். பம்பாய் வரை முன்னிலையில் இருந்தவர் இங்கிலாந்தின் ரோஜர் கிளார்க். கடைசியில் வென்றவர் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ கோவன், அதுவும் ஹில்மேன் ஹண்டர் என்ற சாதாரணக் குடும்பக் காரில். போலந்து வீரர் சசாதா ஓட்டிய போர்ஷே 911 நான்காவதாக வந்தது.

கரடுமுரடான நெடும்பாதையில் உறுதியான குடும்பக் கார் ஜெயிப்பதில் வியப்பில்லை. தாழ்வான உடலும் பெரிய இன்ஜினும் கொண்ட 'கிராண்ட் டூரிங்' கார்கள், சுருக்கமாக ஜிடி கார்கள், தங்கள் முழுத் திறமையைக் காட்டத் தார்ச்சாலை வேண்டும். அந்தக் கார்களுக்கென்றே தார்ச்சாலை ராலித் தொடர் ஒன்று ஐரோப்பாவில் உருவானது. போர்ஷேயும் ஃபெராரியும் இன்று மும்பையிலும் ஓடுகின்றன. பக்கத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் வளைவுப் பாதைகள் இருக்கின்றன. இருந்தும் அப்படியொரு ராலி இங்கே ஏன் இல்லை?

ரேஸ் வேறு, ராலி வேறு

ரேஸில் எல்லாக் கார்களும் ஒரே தடத்தில் ஒன்றாக ஓடும். ராலியில் ஒவ்வொரு காரும் ஓரிரு நிமிட இடைவெளியில் தனித்தனியாகப் புறப்படும், எதிராளி கடிகாரம்தான். போக்குவரத்து நிறுத்தப்பட்ட பொதுச்சாலைத் துண்டுகளில் முழு வேகத்தில் ஓட்டுவார்கள். இந்தத் துண்டுக்கு 'ஸ்டேஜ்' என்று பெயர். எல்லா ஸ்டேஜ்களின் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி. ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, சிக்னலில் நின்று, நம்மைப் போலவே விதிப்படி ஓட்ட வேண்டும். அதனால்தான் ராலி காருக்கு நம்பர் பிளேட் கட்டாயம்.

பக்கத்து இருக்கையில் இருப்பவர் நேவிகேட்டர். போட்டிக்கு முன்பே இருவரும் பாதையை மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வளைவின் கூர்மையையும் குறித்துக்கொள்வார்கள். போட்டியன்று நேவிகேட்டர் அதை உரக்கப் படிப்பார். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் போவது அந்தக் குறிப்பை நம்பித்தான்.

தாரில் என்ன மாறுகிறது?

மண்பாதை ராலியில் கார் உயரமாக நிற்கும். சஸ்பென்ஷன் நன்றாக அமுங்கி எழும். தாருக்கு வந்தால் காரைத் தாழ்த்துவார்கள், சஸ்பென்ஷனை இறுக்குவார்கள், சக்கரமும் பிரேக்கும் பெரிதாகும். டயர் தேர்வுதான் பெரிய சூதாட்டம். மலை உச்சியில் மழை, அடிவாரத்தில் வெயில் என்றால் எதைப் பூட்டுவது?

மண்ணில் முதலில் போகும் கார் தளர்ந்த சரளையைப் பெருக்கிவிட்டுப் போகும். பின்னால் வருபவருக்கு அது லாபம். தாரில் கணக்கு தலைகீழ். வளைவின் உட்புறத்தை வெட்டி ஓட்டும்போது ஓரத்து மண் சாலைக்கு வந்துவிடும். பின்னால் வருகிறவர் வழுக்குவார். அந்த இடங்களைக் குறித்துத் தரவே, போட்டிக்குச் சற்று முன்பு அணியின் வேறு ஆட்கள் பாதையில் போய்வருவது உண்டு.

ஒரு சீசன் எப்படி இருக்கும்?

உலக மோட்டார் விளையாட்டின் தலைமை அமைப்பான எஃப்ஐஏ, ஆர்-ஜிடி என்ற பிரிவுக்கு 2011-ல் விதிகள் வகுத்தது. 2015-ல் அதற்குத் தனிக் கோப்பை தொடங்கியது. ஏற்கெனவே நடக்கும் ராலிகளில் தார்ச்சாலை ராலிகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு தொடராகக் கோத்தார்கள். மான்டி கார்லோ, பெல்ஜியத்தின் ஈப்ரே, ஜெர்மனி, பிரான்ஸின் கோர்சிகா, சுவிட்சர்லாந்தின் வாலே ஆகியவை முதல் சீசனின் பட்டியல். முதலிடத்துக்கு 25 புள்ளி, அடுத்தடுத்து 18, 15 என்று இறங்கும். முதல் கோப்பையை பிரான்ஸின் பிரான்சுவா டெலகூர் போர்ஷே 911 ஜிடி3 காரில் வென்றார்.

இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு குறுகிய வளையத்தால் மட்டுப்படுத்தி, எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதத்தைக் கட்டுக்குள் வைப்பார்கள். அதனால் சிறிய கார்களுக்கும் வழி கிடைத்தது. 1.8 லிட்டர் டர்போ இன்ஜின் கொண்ட அபார்த் 124 காரில் ரஃபேல் ஆஸ்தியே 2018-ல் கோப்பை வென்றார். 2021-ல் பியர் ராக் ஓட்டிய ஆல்பைன் ஏ110 வென்றது. 1973-ல், உலக ராலி சாம்பியன்ஷிப்பின் முதல் ஆண்டிலேயே பட்டம் வென்ற பழைய ஆல்பைனின் பெயர்தான் இந்தப் புதிய காருக்கும்.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவின் தேசிய ராலி சாம்பியன்ஷிப் 1988-ல் தொடங்கியது, பெரும்பாலும் மண்பாதைதான். இந்த விளையாட்டில் தமிழர் பங்கு பெரிது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-லேயே உருவானது. முன்னாள் ஃபார்முலா ஒன் வீரர் நரேன் கார்த்திகேயனின் தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். வடக்கிலும் திறமைக்குக் குறைவில்லை: ஆசிய-பசிபிக் ராலிப் பட்டத்தை கௌரவ் கில் 2013, 2016, 2017 என மூன்று முறை வென்றார்.

மும்பைக்காரர்கள் அதிகம் பார்ப்பது வேறு வகை: நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்கிட்டு ஓட்டும் டிஎஸ்டி ராலி. 1919-ல் தொடங்கிய மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் மும்பையிலிருந்து ஆம்பி வேலிக்குப் பெண்களுக்காக நடத்திவந்தது இந்த வகைதான். இதற்குச் சாலையை மூட வேண்டாம். கொடுத்த சராசரி வேகத்தில் போய்ச் சேர வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் அபராதப் புள்ளி. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ இருக்கும் ஒரு குடும்பம் சொந்தக் காரிலேயே கலந்துகொள்ள முடிகிற ராலி இது. மனக்கணக்கு தெரிந்தவர்தான் இதில் ராஜா.

சட்டம் தடுக்கிறதா?

முழுத் தடை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வ இசைவு இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் நடத்துவதைக் குற்றம் என்கிறது. இசைவு பெற்றால் நடத்தலாம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பாதையில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது அப்படித்தான்.

ஆனால் தீவுத்திடலைச் சுற்றி வேலி போடுவது ஒரு வேலை, மலைப்பாதையை மூடுவது வேறு வேலை. ஒரு நல்ல ஸ்டேஜ் 15, 20 கிலோமீட்டர் நீளும். கண்டாலா மலைப்பாதையை மூடினால் மும்பை–புனே போக்குவரத்து நின்றுவிடும். மால்ஷேஜ், தாம்ஹினி போன்ற பாதைகளில் நெரிசல் குறைவு என்றாலும் எஸ்டி பஸ், பால் வண்டி, பள்ளிப் பிள்ளைகள், ஆடு மாடு எல்லாம் அதே சாலையில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மண்சரிவும் வேறு.

மூடும் வேலையில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாடு பார்த்திருக்கிறது. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் தேசிய ராலி நடந்தபோது, மூடியதாகச் சொல்லப்பட்ட பாதைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. கார் மோதி ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள்.

அதனால் ஜிடி ராலி மும்பைக்கு வருமா என்ற கேள்விக்கு, எத்தனை சூப்பர் கார்கள் இங்கே இருக்கின்றன என்ற கணக்கு பதில் தராது. ஒவ்வொரு கிளைப்பாதையிலும் ஆள் நிறுத்தி, ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, ஆம்புலன்ஸ் வைத்து, ஒரு பாதையைச் சில மணி நேரம் நம்பகமாக மூட முடியுமா? அதற்கு அரசும் சங்கங்களும் தயாரென்றால், முதல் ஸ்டேஜுக்குச் சாதாரண ஸ்விஃப்ட் கார்களே போதும். போர்ஷேக்கள் தானாக வரும்.