ஓநாயின் கண்ணீரும் நனைந்த ஆடும்

"ஐயோ, பாட்டாளிக்கு வேலை போய்விடுமே! அவன் பெண்டு பிள்ளைகள் என்ன செய்வார்கள்?"

இப்படிக் கதறியது யார் தெரியுமா, தோழர்களே? தொழிற்சங்கத் தலைவரா? இல்லை! எண்ணெய்க் கம்பெனி முதலாளிகள்! கதறிய இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். ஆண்டு 2010.

ஏன் கதறினார்கள்? கதையைச் சற்று முன்னிருந்தே சொல்லுவோம்.

நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்தால் கரியமில வாயு எழுகிறது. அது வானிலே போர்வைபோல் கவிந்து, பூமியின் சூடு வெளியேறாமல் தடுக்கிறது. வாயுவைக் குறைக்க நாடு முழுமைக்கும் சட்டம் செய்ய வாஷிங்டன் முன்வரவில்லை. கலிபோர்னியா காத்திருக்கவில்லை, 2006-இல் தானே சட்டம் செய்தது. மாநிலம் வெளிவிடும் வாயுவை 2020-க்குள் 1990-ஆம் ஆண்டின் அளவுக்கு இறக்கியாக வேண்டும் என்பது அதன் கட்டளை. அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் சபாநாயகர் ஃபேபியன் நூனியஸ். தொழிற்சங்கப் பணியிலிருந்து அரசியலுக்கு வந்தவர். கையெழுத்திட்டவர் எதிர்க்கட்சிக்காரரான கவர்னர் ஷ்வார்ஸ்நேகர், சினிமா நடிகராயிருந்தவர்.

பொறுப்பார்களா எண்ணெய் அதிபர்கள்? டெக்சாஸ் மாநிலத்தில் தலைமையகம் வைத்திருந்த வலேரோ, டெசோரோ கம்பெனிகள் பணமூட்டையை அவிழ்த்தன. 2010 நவம்பரில் 23-ஆம் எண் தீர்மானம் மக்களின் ஓட்டுக்கு வந்தது. அது கேட்டது என்ன? வேலையில்லாதோர் தொகை 5.5 சதவிகிதத்துக்கு இறங்கி, ஓராண்டு அப்படியே நீடிக்கும் வரை சட்டத்தை நிறுத்திவை என்றது! அன்று அந்தத் தொகையோ 12 சதவிகிதத்துக்கு மேல். அத்தைக்கு மீசை முளைத்த பிறகு சட்டத்தைப் பார்த்துக் கொள்ளலாம் என்பதுதானே இதன் பொருள்?

மக்கள் ஏமாறவில்லை. 61 சதவிகிதத்துக்கு மேற்பட்டோர் எதிர்த்து ஓட்டளித்துத் தீர்மானத்தைத் தோற்கடித்தனர். சட்டம் பிழைத்தது. குறித்த கெடுவுக்கு நான்காண்டு முன்பே, 2016-இல், இலக்கு எட்டப்பட்டது. வேலைகள் பறந்தனவா? 2018-இல் வேலையில்லாதோர் தொகை 5 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது!

ஓநாயின் கண்ணீர் பொய் என்று மெய்ப்பித்தாயிற்று. ஆனால், தோழர்களே, ஆடு நனைந்தது பொய்யல்ல. அதையும் நாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

கலிபோர்னியாவின் மார்ட்டினெஸ் நகரில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 2010-இல் அதன் உடைமையாளர் யார்? தொழிலாளிக்காகக் கண்ணீர் வடித்த அதே டெசோரோ! பிற்பாடு அந்தக் கம்பெனி மாரத்தான் என்ற பெரிய கம்பெனியின் கைக்குப் போயிற்று. 2020-இல் கொரோனா வந்தது, எண்ணெய் விற்பனை படுத்தது, ஆலை பூட்டப்பட்டது. சுமார் 700 பேர் வீதிக்கு வந்தனர். பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? மணிக்கு 50 டாலர் என்றிருந்த நடுத்தரக் கூலி, வேறு வேலை கிடைத்தவர்களுக்கு 38 டாலராகச் சரிந்திருந்தது!

ஆலை என்னவாயிற்று? தாவர எண்ணெயிலும் கொழுப்பிலும் டீசல் செய்யும் ஆலையாக மாறிற்று. அத்தகைய டீசலுக்கு மாநிலத்தின் விதிகளிலேயே சலுகை உண்டு. முதலாளி மாறிக்கொள்ள வழி இருந்தது. வேலை இழந்த தொழிலாளி மாறிக்கொள்ள வழி எங்கே?

இந்தக் கேள்வியை நாளைக்குத் தள்ளிவைக்க முடியாது. வெளிவிடும் வாயுவும் ஈர்த்துக்கொள்ளும் வாயுவும் 2045-க்குள் சரிக்குச் சரியாக வேண்டும் என்று 2022-இல் கலிபோர்னியா மேலும் ஒரு சட்டம் செய்திருக்கிறது. இன்னும் எத்தனை ஆலைகள் பூட்டப்படும்! எத்தனை குடும்பங்கள் கதவைப் பார்த்து நிற்கும்!

வழி இல்லாமல் இல்லை. கொலராடோ மாநிலம் 2019-இல் நிலக்கரித் தொழிலாளருக்காகவும் அவர்கள் ஊர்களுக்காகவும், தொழிலாளர் துறையின் கீழ் தனி அலுவலகமே சட்டத்தால் அமைத்தது. சுரங்கம் மூடுமுன் மாற்றுக்குத் திட்டமிடுவது அரசின் கடமை என்று ஒப்புக்கொண்டது. அது முதற்படி, முழுப்படி அல்ல.

ஆகவே நாம் சொல்லுகிறோம்: புகையைக் குறைக்கும் சட்டம் வேண்டும், கண்டிப்பாக வேண்டும். வெயிலில் முதலில் வாடுகிறவன் உழைப்பவனே. ஆனால் அச்சட்டத்தில் வாயுவின் அளவுக்குக் கெடு குறிப்பதுபோல், தொழிலாளியின் மறுவேலைக்கும் கூலிக்கும் கெடு குறிக்க வேண்டும். அதை எழுதவைக்கும் வேலை ஓநாய்களுடையதல்ல, சங்கங்களுடையது.

ஆலையின் புகைபோக்கி அணையட்டும். பாட்டாளி வீட்டு அடுப்பு அணையக் கூடாது!