வைட்ஃபீல்டில் ஒரு மஸ்டாங்: டார்க் கன்வர்ட்டரை மாற்றலாமா?

கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்தவர்கள் நம் சங்கத்தில் அதிகம். ஹோப் ஃபார்ம் சந்திப்பிலிருந்து ஐ.டி.பி.எல்., ஹூடி வழியாகக் கே.ஆர்.புரம் தொங்கு பாலம் வரை மாலை வேளையில் கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2023-இல் மெட்ரோ ரயில் வைட்ஃபீல்டு வரை வந்துவிட்டது. ஆனாலும் சாலையில் கார்கள் இன்னும் எறும்பு வரிசைதான். இதனாலேயே நம்மவர்கள் பலர் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு மாறிவருகிறார்கள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கியர்பாக்ஸ் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், "எந்தக் கார் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் வந்த கேள்வி சற்று வித்தியாசமானது. எங்கள் குடியிருப்பில் இருக்கும் மதுரைத் தம்பி ஒருவர், பழைய ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. ஒன்றை வாங்கியிருந்தார். 5 லிட்டர், 8 சிலிண்டர், சுமார் 400 குதிரைத்திறன். 2016-இல் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் விற்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் நிறுத்திக்கொண்ட கார். இங்கே 6 கியர் ஆட்டோமேட்டிக்காகத்தான் வந்தது.

"சார், 3,500 ஸ்டால் கன்வர்ட்டர் ஒண்ணு அமெரிக்காவுல இருந்து வரவழைச்சுப் போடலாம்னு இருக்கேன். வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகுமாம்ல?" என்றார்.

"தம்பி, வண்டியில் யார் யார் போவீங்க?" என்று கேட்டேன்.

"நான், வீட்டுக்காரி, பாப்பா. பொங்கலுக்கு இதுலதான் மதுரைக்குப் போகணும்."

அவருக்கு நான் சொன்னதை மற்றவர்களும் தெரிந்துகொள்ளலாமே என்றுதான் இக்கட்டுரை.

இரண்டு மின்விசிறிகளின் கதை

மேசை மின்விசிறி இரண்டை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்று பட்டு மற்றொன்றும் மெல்லச் சுழலும். டார்க் கன்வர்ட்டரின் அடிப்படை இவ்வளவுதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். விசிறிகளுக்குப் பதில் ஒரே கூட்டுக்குள் இரண்டு சக்கரங்கள். என்ஜினோடு சேர்ந்து சுழல்வது இம்பெல்லர். கியர்பாக்ஸைச் சுழற்றுவது டர்பைன். இரண்டுக்கும் நடுவே ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம். டர்பைனில் மோதித் திரும்பும் எண்ணெயை நல்ல கோணத்தில் திருப்பி அனுப்புவது இதன் வேலை. இதனால் வண்டி கிளம்பும் நேரத்தில் என்ஜினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. முறுக்குவிசை மாற்றி என்ற பெயர் இதனால்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர். 1905-இல் காப்புரிமை பெற்றார். அவர் மனதில் இருந்தது கார் அல்ல, கப்பல். வேகமாகச் சுழலும் டர்பைனை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்கும் வழியைத்தான் அவர் தேடினார். 1948-இல் அமெரிக்காவின் பியூக் கார்களில் டைனாஃப்ளோ என்ற பெயரில் வந்தபின் கார் உலகில் இது பரவியது. வைட்ஃபீல்டில் புதுக் கட்டிடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும் ஜேசிபி எந்திரத்திலும் இதுதான் இருக்கிறது. மண்ணில் வாளி சிக்கிச் சக்கரம் நின்றுபோனாலும் என்ஜின் அணையாமல் முண்டிக்கொண்டே இருக்கிறதல்லவா, அது இதன் கைங்கரியம்.

ஸ்டால் என்றால் என்ன?

பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் என்ஜின் ஓர் எல்லை வரை ஏறி அதற்கு மேல் ஏறாமல் நிற்கும். அந்த எல்லைதான் ஸ்டால் வேகம். சாதாரணக் கார்களில் இது பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளை ஒட்டியிருக்கும். பந்தயத்துக்கென்று செய்யப்படும் கன்வர்ட்டர்களில் 3,000, 4,000 என்று ஏறும். கூட்டின் விட்டத்தைக் குறைத்தும் உள்ளிருக்கும் தகடுகளின் கோணத்தை மாற்றியும் இதை உயர்த்துகிறார்கள்.

உயர்த்துவதால் என்ன லாபம்? கால் மைல் ஓட்டப்பந்தயத்தில் விளக்கு பச்சையானதும் என்ஜின் தன் முழு பலம் கிடைக்கும் வேகத்திலேயே புறப்படலாம். வண்டி அம்பாகப் பாயும். இதைப் பார்த்துத்தான் "எண் பெரிதானால் பலம் பெரிது" என்று இளைஞர்கள் நினைத்துவிடுகிறார்கள். உண்மை அதுவல்ல. என்ஜினில் இல்லாத குதிரைத்திறனை எந்தக் கன்வர்ட்டரும் கொண்டுவந்து சேர்க்காது. இருப்பதை எந்த இடத்தில் கொடுப்பது என்பதை மட்டும் மாற்றும்.

பொருத்தம் பார்க்க வேண்டும்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இதற்கு ஐந்து போதும்.

முதலாவது என்ஜின். வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் பந்தயக் கேம்ஷாஃப்ட் போட்ட என்ஜின், குறைந்த சுற்றில் திணறும். 2,500-க்கு மேல்தான் உயிர் பெறும். அதற்கு உயர்ந்த ஸ்டால் அவசியம். இல்லாவிட்டால் சிக்னலில் நிற்கும்போதே குலுங்கி அணைந்துவிடும். கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கும் என்ஜினுக்கு அந்தத் தேவை இல்லை. தவிர, ஒரே கன்வர்ட்டர் பலமான என்ஜினின் பின்னால் அதிக ஸ்டால் காட்டும்; பலம் குறைந்த என்ஜினில் குறைவாகக் காட்டும். ஆகவே பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப முடியாது.

இரண்டாவது வண்டியின் எடை. மூன்றாவது பின் அச்சில் இருக்கும் பல்சக்கர விகிதம். கனமான வண்டிக்கும், நெடுஞ்சாலைக்கென அமைந்த பல்சக்கரத்துக்கும் உயர்ந்த ஸ்டால் ஒத்துவராது, வழுக்கல்தான் அதிகமாகும்.

நான்காவது லாக்-அப் கிளட்ச். வேகம் பிடித்ததும் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டி வழுக்கலை நிறுத்தும் அமைப்பு இது. 1949-லேயே பேக்கார்டு கார்களில் வந்துவிட்டது. ஆனால் 1960-களின் புகழ்பெற்ற மஸில் கார்களின் கியர்பாக்ஸ்களில் இது கிடையாது. இப்போதைய மஸ்டாங்கில் உண்டு. கணினி அதை ஆள்கிறது. கன்வர்ட்டரை மாற்றினால் அந்தக் கணினிக்கும் புதுக் கணக்கு சொல்லித்தர வேண்டும்.

ஐந்தாவதுதான் நான் முதலிடம் கொடுப்பது: சாலை.

சூடுதான் விலை

கன்வர்ட்டருக்குள் வழுக்கிப் போகும் சக்தி எங்கும் மாயமாகிவிடுவதில்லை. எண்ணெயில் சூடாக இறங்குகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பட்டறைகளில் புழங்கும் பழைய கணக்கு. எண்ணெய் கருகினால் ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தகடுகள் தேயும், பிறகு கியர்பாக்ஸையே பிரித்துப் போட வேண்டும்.

நெடுஞ்சாலையில் லாக்-அப் பூட்டிக்கொள்வதால் பயமில்லை. கிருஷ்ணகிரி தாண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எந்தக் கன்வர்ட்டரும் சமர்த்தாகவே இருக்கும். ஆனால் வர்த்தூர் சாலையில் 10 கிலோமீட்டர் வேகத்தில் லாக்-அப் பூட்டாது. போகும் நேரமெல்லாம் வழுக்கல்தான். எண்ணெயைக் குளிர்விக்க எதிர்க்காற்றும் இல்லை. 3,500 ஸ்டால் கன்வர்ட்டரை அங்கே ஓட்டுவது, அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டு வெறும் சட்டியைக் காயவிடுவது போல.

இன்னொன்றும் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் தம்பி யோசிக்கத் தொடங்கினார். உயர்ந்த ஸ்டால் உள்ள வண்டி, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் சோம்பலாக நகரும். இன்னும் கொஞ்சம் மிதித்தால் சட்டென்று பிடித்துக்கொண்டு பாயும். பந்தயத் தளத்தில் அது ஆனந்தம். அடுக்குமாடியின் அடித்தளச் சரிவில், தூணுக்கும் தூணுக்கும் இடையே பின்னோக்கி ஏறும்போது? மாலையில் அங்கே சைக்கிள் ஓட்டுவது நம் பிள்ளைகள்தானே. அவருடைய பாப்பாவும் அவர்களில் ஒருத்தி.

யாருக்குத்தான் வேண்டும்?

வேண்டவே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தளம் இருக்கிறது. அதற்கு முன் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்த பெரியவர்கள் நம்மிடையே உண்டு. டிரெய்லரில் ஏற்றிப்போய்ப் பந்தயத்தில் மட்டும் ஓட்டும் வண்டிக்கு உயர்ந்த ஸ்டால் நியாயமானது.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் 1960-களின் கார்களை வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. லாக்-அப் இல்லாத 3 கியர் வண்டியில், நெடுஞ்சாலையில் நீங்கள் சாதாரணமாகப் போகும் என்ஜின் வேகத்தைவிட ஸ்டால் குறைவாக இருக்க வேண்டும். சாலையில் ஓடும், கேம்ஷாஃப்ட் சற்றே மாற்றிய வண்டிக்கு 2,200 முதல் 2,600 வரை பெரும்பாலும் போதும். தனி ஆயில் கூலர் கட்டாயம். விற்பவரிடம் எடை, கேம்ஷாஃப்ட், பல்சக்கர விகிதம், டயர் அளவு எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். அவற்றைக் கேட்காமலே விற்க வருபவரிடம் வாங்காதீர்கள்.

பொருத்தும்போதும் கவனம் வேண்டும். புதிய கன்வர்ட்டருக்குள் முதலில் கொஞ்சம் எண்ணெய் ஊற்ற வேண்டும். அது கியர்பாக்ஸின் ஆயில் பம்பில் முழுதாகப் பொருந்தி உட்கார்ந்த பிறகு, என்ஜின் பக்கத் தகட்டுக்கும் அதற்கும் இடையே சுமார் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடைந்துவிடும். ஸ்டால் சோதனையை 5 வினாடிக்கு மேல் செய்யவே கூடாது.

நம் குடும்பக் கார்களுக்கு

மஸ்டாங் எல்லோர் வீட்டிலும் இல்லை. ஆனால் டார்க் கன்வர்ட்டர் பல வீடுகளில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வாங்கப்போகிறவர்கள், அது எந்த வகை என்று முதலில் கேளுங்கள். 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. விலை குறைந்தது, அதில் இருப்பது வழக்கமான கிளட்ச்தான், மிதிப்பது மட்டும் எந்திரம். டார்க் கன்வர்ட்டர் விலை கூடுதல், பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகக் கேட்கலாம். ஆனால் நெரிசலில் ஊர்ந்து செல்லவும், மேட்டில் நின்று கிளம்பவும் அதன் மென்மை தனி. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் ஓட்டுவதானால் இரண்டையும் மாலை நெரிசலில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். காலியான சாலையில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

ஏற்கனவே வைத்திருப்பவர்கள், கையேட்டில் கடுமையான பயன்பாடு என்று தனியாகப் போட்டிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். நம் வைட்ஃபீல்டு ஓட்டம் அந்தக் கணக்கில்தான் வரும். கையேட்டில் சொன்ன ரக எண்ணெயைத் தவிர வேறு ஊற்றாதீர்கள். தொப்பூர் கணவாயிலோ ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலோ இறங்கும்போது 'டி'-யிலேயே விட்டு பிரேக்கை மட்டும் நம்பாமல், கீழ் கியருக்கு மாற்றி என்ஜினைப் பிடிக்கவிடுங்கள்.

மதுரைத் தம்பி கன்வர்ட்டரை வரவழைக்கவில்லை. அந்தப் பணத்தில் சிறு பங்கைக் கொண்டு கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றி, நான்கு டயர்களும் புதிதாகப் போட்டார். பொங்கலுக்குப் போய்வந்து, "பாப்பா சேலம் தாண்டுற வரைக்கும் அசந்து தூங்குனா சார்" என்றார். 400 குதிரைகள் பூட்டிய வண்டிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.