பழ ஈயும் அதன் விடியற்காலமும்

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு ஈயை அறியாதார் இல்லை. டிராசாபிலா என்று நூல்கள் கூறும் இந்தப் பழ ஈ, முட்டை, புழு, கூட்டுப்புழு என்னும் நிலைகளைக் கடந்து, ஏறத்தாழப் பத்து நாட்களில் இறகுடன் வெளிவருகிறது. வெளிவரும் வேளை எதுவாகவும் இருக்கலாம் என நாம் எண்ணக்கூடும், அவ்வாறன்று. பெரும்பாலானவை விடியலை ஒட்டியே வெளிப்படுகின்றன. அவ்வேளையில் காற்றில் ஈரம் மிகுதி. மென்மையான இறகுகள் உலர்ந்துவிடாமல் விரிவதற்கு அது துணையாகும் என்பர்.

விடியலை ஈ எவ்வாறு அறிகிறது? ஒளியைக் கண்டு என்பது எளிய விடை, முழு விடையன்று. பகலும் இரவும் மாறிவரும் சூழலில் வளர்ந்த கூட்டுப்புழுக்களை இடையறாத இருளில் வைப்பினும், ஏறத்தாழ 24 மணிக்கு ஒருமுறை ஈக்கள் அலையலையாக வெளிவருகின்றன. காலத்தை அளக்கும் அமைப்பு உடலினுள்ளேயே உள்ளது.

பயன்படாத அமைப்பு தேய்ந்து மறையும் என்பதற்கு, இருட்குகையில் வாழ்ந்து கண்ணிழந்த மீன்கள் சான்று. பகலிரவே இல்லாத இடத்தில் இக்கடிகாரமும் அவ்வாறே மறையுமோ? பெங்களூர் ஜக்கூரிலுள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தினர் இவ்வினாவை ஆராய்ந்தனர். முன்னர் மதுரையில் குகை வௌவால்களின் கால ஒழுங்கை ஆராய்ந்த எம். கே. சந்திரசேகரனும், வாசு ஷீபா, வி. கே. சர்மா, அமிதாப் ஜோஷி ஆகியோரும் அக்குழுவினர். மாறா ஒளி, மாறா வெப்பம், மாறா ஈரம் ஆகியவற்றில் 600 தலைமுறைகளுக்கு மேல் வளர்ந்துவந்த ஈக்குலம் ஒன்றைச் சோதித்து, 1999-இல் முடிவை வெளியிட்டனர். கடிகாரம் மறையவில்லை! மனிதரில் 600 தலைமுறை என்பது, தலைமுறைக்கு 25 ஆண்டெனக் கொண்டால், 15,000 ஆண்டுகளாகும்.

புறவுலகில் பகலிரவு இல்லாதபோதும் இவ்வொழுங்கினால் உயிருக்கு ஏதோ நன்மை உண்டு என அவர்கள் கருதினர். இருப்பினும், தீங்கு செய்யாத ஒரு பண்பு நெடுங்காலம் தங்கிவிடுவதும் இயல்பே என்பதை நாம் மறத்தலாகாது.

அதே மையத்தில் சர்மாவின் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் தெளிவானது. காலை 5 முதல் 9 மணிக்குள் வெளிவந்த ஈக்களை மட்டும் ஒரு குலத்துக்கும், மாலை 5 முதல் 9 மணிக்குள் வந்தவற்றை மட்டும் மற்றொரு குலத்துக்கும் பெற்றோராக்கினர். தலைமுறைகள் பல கடந்தபின், காலைக் குலத்தின் கடிகாரச் சுற்று குறுகியது. மாலைக் குலத்தின் சுற்று நீண்டது. ஆகவே கடிகாரம் மரபுவழி வருவது. தேர்வுக்கு இணங்க மாறுவதும் கூட.

பள்ளியிலும் இதனைக் காணலாம். பிசைந்த வாழைப்பழம் இட்ட குப்பியின் வாயைப் பஞ்சினால் அடைத்துச் சன்னலருகே நிழலில் வைக்கவும். கூட்டுப்புழுக்கள் கருமை அடைந்தபின், பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை புது ஈக்களை எண்ணிக் குறிக்கவும். வெளிறிய நிறமும் மடிந்த இறகும் புது ஈயின் அடையாளங்கள். எண்ணியவற்றை அவ்வப்போதே அகற்றிவிட வேண்டும். இன்றேல் பழையவை கலந்து கணக்குப் பிழையாகும்.