கோவை டு லண்டன்: 10 மணி நேரப் பயணம் ஏன் 15 மணி நேரம் ஆகிறது?

கோவையிலிருந்து லண்டனுக்கு வான்வழி தூரம் சுமார் 8,200 கி.மீ. பயணிகள் விமானம் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் பத்து மணி நேரம்கூட வராது. ஆனால், டிக்கெட் ஆப்பைத் திறந்தால் 15 மணி நேரம், 18 மணி நேரம் என்று காட்டுகிறது. மீதி நேரம் எங்கதான் போகுது?

தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

பூமி உருண்டை. அதன்மேல் இரு ஊர்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைப்பதுதான் மிகக் குறைந்த தூரம். வான்வழி தூரம் என்று ஆப்கள் சொல்வது இதைத்தான். ஆனால், விமானம் அப்படியே போக முடியாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப்போக வேண்டியதாயிற்று.

நீங்களே கணக்குப் போடலாம்

தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டுங்கள். டெல்லி சுமார் 1,950 கி.மீ.; மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும். சிங்கப்பூர் சுமார் 3,170 கி.மீ.; நாலேகால் மணி நேரம். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஐரோப்பாவுக்குப் போகும்போது ஆகும் நேரத்தைவிட திரும்பும்போது குறைவாக இருப்பதற்கும் காற்றுதான் காரணம்.

கடிகாரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதனால் போகும்போது ஏழு மணி நேரம் ஆவது போலவும், திரும்பும்போது இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவது போலவும் தெரியும். ஏர்போர்ட்டுக்கு அழைக்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோவையில் இருந்து நேரடியாகப் பறக்க முடியாதா?

இங்கிருந்து சிங்கப்பூர், ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் உண்டு. லண்டனுக்கு இல்லை. பத்து மணி நேரம் பறக்க டேங்க் நிறைய எரிபொருள் வேண்டும். எடை கூடினால் மேலே எழும்ப நீளமான ஓடுபாதை தேவை. கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருப்பதாலும், வெயில் காலத்தில் காற்றின் அடர்த்தி குறைவதாலும் தேவை இன்னும் கூடுகிறது. பீளமேட்டில் உள்ள ஓடுபாதை 2,990 மீட்டர். கொச்சியில் 3,400 மீட்டர்.

கோவை ஓடுபாதையை சுமார் 3,800 மீட்டராக நீட்டுவதே விரிவாக்கத் திட்டம். சிங்காநல்லூர், காளப்பட்டி, இருகூர், நீலம்பூர் பகுதிகளில் 600 ஏக்கருக்கு மேல் நிலம் இதற்காகக் குறிக்கப்பட்டது. ஆனால், ஓடுபாதை நீண்டாலே விமானம் வந்துவிடாது. தினமும் சீட் நிரம்ப வேண்டும். இரு நாட்டு ஒப்பந்தத்தில் அனுமதியும் வேண்டும்.

அதுவரை என்ன செய்யலாம்?

பறக்கும் நேரத்தை விடுங்க, 'மொத்தப் பயண நேரம்' என்ன என்று பாருங்கள். கொச்சியில் டிக்கெட் விலை குறைவு என்றால், சாலையில் ஆகும் நாலு மணி நேரத்தையும் டாக்ஸி செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முக்கியமாக, இடையில் மாறும் விமானங்களை ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான்.