ஒரு 'டக்'கா, இரண்டு 'டக்'கா? பேட்டரி நாற்காலி நகராவிட்டால் பிரேக்கையும் பாருங்கள்!

மும்பை தாராவி 90 அடி சாலையில் செல்போன் ரீசார்ஜ் கடை நடத்துகிறார், நெல்லை மாவட்டத்துக்காரர் ஒருவர். வயது 46. விபத்து ஒன்றில் இரண்டு கால்களும் செயல் இழந்தவர். வீட்டில் இருந்து கடைக்குப் போக அவருக்கு ஒரே துணை, பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிதான்.

ஜூலை மாதம். அடைமழை. ஒரு நாள் காலை நாற்காலி நகர மறுத்துவிட்டது. பேட்டரியில் சார்ஜ் முழுதாக இருந்தது. ஜாய்ஸ்டிக் குச்சியைத் தள்ளினால் கன்ட்ரோலர் பெட்டியில் விளக்குகள் சிமிட்டின. அவ்வளவுதான்.

மெக்கானிக் ஒருவர் வந்தார். "மோட்டார் போயிடுச்சு. ரெண்டையும் மாத்தணும்" என்றார். அவர் சொன்ன தொகை, கடையின் இரண்டு மாத வருமானம்! நான்கு நாட்கள் கடை பூட்டிக் கிடந்தது.

ஐந்தாவது நாள், பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ரெயில்வே பிட்டர் எட்டிப் பார்த்தார். 30 வருடம் மின்சார ரெயில் பணிமனையில் பிரேக் பார்த்தவர். அவரும் நெல்லைப் பக்கம்தான்.

"குச்சியைத் தள்ளுங்க, தம்பி" என்று சொல்லிவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தார். "இடது பக்கம் 'டக்'குன்னு சத்தம் வருது. வலது பக்கம் வரலையே! இது மோட்டார் இல்ல, பிரேக்."

"பிரேக் போனா வண்டி நிக்காமல்லா ஓடும், அண்ணாச்சி? இது நகரவே மாட்டேங்குதே!"

கேள்வி நியாயமானதுதான். பதில் ரெயிலில் இருக்கிறது.

தலைகீழ் பிரேக்

சைக்கிளில் கைப்பிடியை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். ரெயிலில் அப்படி அல்ல. பிரேக் குழாயில் காற்று நிறைந்து இருக்கும் வரை பிரேக் விலகி நிற்கும். காற்று வெளியேறினால் பிடித்துக்கொள்ளும். அபாயச் சங்கிலியை இழுத்தால் நடப்பது இதுதான். அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் செய்த முதல் காற்று பிரேக்கில், குழாய் அறுந்தால் பிரேக்கே கிடையாது. 1872-ல் அவரே அதைத் தலைகீழாக மாற்றினார். குழாய் அறுந்தால் ரெயில் நிற்கும்!

பேட்டரி நாற்காலியிலும் அதே தந்திரம்தான். காற்றுக்குப் பதில் கரண்டு. ஒவ்வொரு மோட்டாரின் பின்புறத்திலும் வட்டமான ஒரு பிரேக் இருக்கிறது. ஸ்பிரிங் ஒரு இரும்புத் தகட்டை அழுத்தி, சுழலும் வட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். குச்சியைத் தள்ளியதும் காயிலில் கரண்டு பாய்கிறது. காயில் காந்தமாகித் தகட்டை இழுக்கிறது. அதுதான் அந்த 'டக்'. சக்கரம் விடுபடுகிறது. ஓடும்போது வேகத்தைக் குறைப்பது மோட்டாரேதான். நின்ற பிறகு அசையாமல் பிடித்து வைப்பது இந்த பிரேக்.

ஆகவே, பேட்டரி செத்தாலும், ஒயர் அறுந்தாலும், காயில் எரிந்தாலும் நாற்காலி நிற்கும். பள்ளத்தில் உருண்டு போகாது. அதனால்தான், பிரேக்கில் கோளாறு என்றால் பெரும்பாலும் 'வண்டி ஓடவில்லை' என்றே தெரியவருகிறது. மோட்டார் மீது பழி விழுவதும் அதனால்தான்.

முதலில் லீவர்!

எதையும் கழற்றுவதற்கு முன் லீவரைப் பார்க்க வேண்டும். நாற்காலியைக் கையால் தள்ளிச் செல்ல, மோட்டார் பக்கத்தில் ஒரு லீவர் உண்டு. அதைத் திருப்பினால் பிரேக் விலகிவிடும். வீடு பெருக்க நாற்காலியைத் தள்ளி வைத்தவர்கள் லீவரைத் திருப்பி விட மறந்திருப்பார்கள். பல நாற்காலிகளில், லீவர் விலகி இருந்தால் கன்ட்ரோலர் பெட்டி ஓட விடாது. செலவே இல்லாத ரிப்பேர்! ஆனால் லீவர் விலகிய நிலையில் பிரேக் சுத்தமாகக் கிடையாது. சரிவில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

அடுத்து, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ண வேண்டும். வி.ஆர்.2 என்ற வகைப் பெட்டியில் 9 முறை சிமிட்டினால் பிரேக் கோளாறு என்று பொருள். மற்ற வகைகளில் எண்ணிக்கை மாறும். கூட வந்த புத்தகத்தில் இருக்கும். (அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ!)

மீட்டர் சொன்ன உண்மை

பிட்டர் சுவிட்சை அணைத்தார். பேட்டரி இணைப்பை எடுத்தார். இரண்டு மோட்டார்களின் பிளக்குகளையும் கழற்றினார். பிளக்கில் தடித்த ஒயர் இரண்டு மோட்டாருக்கு, மெல்லிய ஒயர் இரண்டு பிரேக்குக்கு. மெல்லிய ஒயர்களின் முனையில் மல்டிமீட்டரை வைத்தார். இடது பக்கம் 48 ஓம் காட்டியது. 24 வோல்ட் கொடுத்தால் அரை ஆம்பியர் ஓடும். நல்ல காயில். வலது பக்கம் மீட்டர் அசையவே இல்லை. வழியில் எங்கோ அறுந்திருக்கிறது!

நாற்காலிக்கு நாற்காலி இந்த ஓம் கணக்கு மாறலாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். சில பெட்டிகள், ஒரு பக்கம் கெட்டால் இரண்டு பக்கமும் 'டக்' வரவிடாமல் நிறுத்திவிடும். அப்போது காது உதவாது, மீட்டர்தான் கதி.

ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். பிளக்குக்கு இரண்டு அங்குலம் முன்னால், ஒயர் மடங்கும் இடத்தில் உறை வெடித்திருந்தது. உள்ளே மழைத் தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்து அறுந்து கிடந்தது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. வட்டு தேய்ந்தாலோ, எண்ணெய் பட்டாலோ, சரிவில் நிறுத்திய நாற்காலி மெல்லப் பின்வாங்கும். விளக்கு சிமிட்டாது, எந்த எச்சரிக்கையும் வராது. அதனால் இது அதிக ஆபத்து. பிரேக் பாதி மட்டும் விலகினால் மோட்டார் சுடும், தீய்ந்த வாடை வரும், பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

குறுக்கு வழி வேண்டாம்

"பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிடலாம், வண்டி ஓடும்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். காயிலுக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரை மாட்டிப் பெட்டியை ஏமாற்றினால் நாற்காலி ஓடத்தான் செய்யும். ஆனால் ரெயில் நிலையச் சாய்தளத்திலோ மேம்பாலச் சரிவிலோ கரண்டு நின்றால், பிடிப்பதற்கு எதுவும் இருக்காது. கீழே போகும் கனம், நாற்காலியும் ஆளும் சேர்த்து நூறு கிலோவுக்கு மேல்!

பிட்டர் ஒயரைச் சுரண்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறை மாட்டினார். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. முதலில் ஆளை ஏற்றாமல், சக்கரங்களைச் செங்கல் மீது தூக்கி வைத்து ஓட்டிப் பார்த்தார். 'டக் டக்' என்று இரண்டு பக்கமும் கேட்டது. பிறகு சந்து முனைச் சரிவில் நிறுத்தி, சுவிட்சை அணைத்து, பின்னால் இருந்து இழுத்துப் பார்த்தார். நாற்காலி அசையவில்லை.

"இப்ப உட்காருங்க, தம்பி" என்றார்.

மறுநாள் காலை 9 மணிக்குக் கடை திறந்திருந்தது. மோட்டார்கள் இரண்டும் பழையவைதான்.