இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் வலி: எப்போது பொறுக்கலாம், எப்போது ஓட வேண்டும்?

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் என் அப்பாவால் கடந்த ஆண்டு ஒரு நாள் காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. இடது பிட்டத்தில் தொடங்கிய வலி, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்காலைத் தாண்டி, சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கியது. இருமினால்கூடக் காலில் சுரீரென்றது.

வாயுப் பிடிப்பு என்றார்கள் அக்கம்பக்கத்தினர். எண்ணெய் போட்டு அழுத்தி உருவியதில் வலி கூடியதே தவிர குறையவில்லை. நான்கு நாள் படுத்தே கிடந்தார். மருத்துவமனைக்குப் போனால் முதுகில் கத்தி வைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒருபுறம். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லையே என்ற கவலை மறுபுறம்.

ஐந்தாம் நாள் அரசாங்க கிளினிக்கில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி அப்பாவைக் கூச வைத்தது: "சிறுநீர் சரியாகப் போகிறதா?" கால் வலியோடு வந்தவரிடம் இதை ஏன் கேட்க வேண்டும் என்று எனக்கும் அன்று புரியவில்லை.

இது என்ன வலி?

இதை 'சியாட்டிகா' என்பார்கள். கீழ் முதுகிலிருந்து பிட்டம் வழியாகப் பாதம் வரை இறங்கும் சியாட்டிக் நரம்புதான் உடலிலேயே தடிமனான நரம்பு. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி, இந்த நரம்பின் வேரை அழுத்துவதே பெரும்பாலும் காரணம். வயதானவர்களுக்கு நரம்பு செல்லும் வழி குறுகிப் போவதாலும் வரலாம்.

வெறும் இடுப்பு வலியிலிருந்து இது வேறுபட்டது. இடுப்பைவிடக் காலில்தான் வலி அதிகம். பெரும்பாலும் ஒரு காலில் மட்டும், முழங்காலுக்குக் கீழும் இறங்கும். மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வும் இருக்கும். இரண்டு பாதங்களிலும் எரிச்சல் என்றால் அது நீரிழிவினால் வந்த நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு.

உடனே ஓட வேண்டிய நேரம்

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலேயே சிறுநீரோ மலமோ கழிவது. ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறமும் மரத்துப்போவது. இரண்டு கால்களும் பலமிழப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 999 எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்தே நசுங்கிக் கொண்டிருக்கலாம். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும். மருத்துவர் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது இதனால்தான். வெட்கப்பட்டு மறைக்கக்கூடாத விஷயம் இது.

நடக்கும்போது பாதம் தொங்கித் தரையில் இழுபட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தது ஆகியவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்யலாம்?

இந்த அறிகுறிகள் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தானாகவே தணியும். பிதுங்கிய வட்டும் பலருக்கு மெல்லச் சுருங்கிவிடும். ஆனால் நாள்கணக்கில் படுத்துக் கிடப்பது உதவாது. வலி தாங்கும் அளவுக்கு வீட்டுக்குள்ளாவது நடக்க வேண்டும். ஒரே இடத்தில் நீண்ட நேரம் உட்காரக்கூடாது. லோரி, டாக்சி ஓட்டுபவர்கள் இடையிடையே இறங்கி நடப்பது நல்லது. பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்தால் தூக்கம் வரும்.

முதுகில் ஏறி மிதிப்பது, இடுப்பை முறுக்கி 'சொடக்கு' எடுப்பது வேண்டாம். பாதம் மரத்தவர்கள், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள், சுடு ஒத்தடத்தில் கவனமாக இருக்க வேண்டும். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

பக்கத்து வீட்டாரின் வலி மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். ஒரே நாளில் வலியைப் பறக்கவிடும் மூலிகை மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். நரம்போ வட்டோ தெரியாது. எம்ஆர்ஐயும் எல்லாருக்கும் தேவையில்லை. வலியே இல்லாத பலருக்கும் அதில் பிதுங்கிய வட்டு தென்படுவதுண்டு. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கிருந்து பிசியோதெரபிக்குக் கடிதம் கேட்டு வாங்கலாம். வேலையிடத்தில் நடந்த விபத்தால் வலி வந்திருந்தால் முதலாளியிடம் உடனே தெரிவித்து, எம்சி, மருத்துவ அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். சொக்சோ இழப்பீடு கோர அவை தேவைப்படும்.

அறுவை சிகிச்சை எப்போது?

ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் கடந்தும் வலி தாங்க முடியாமல் இருந்தாலோ, காலின் பலம் குறைந்துகொண்டே போனாலோ அதைப் பற்றிப் பேசலாம். முதுகுத்தண்டில் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குத் தற்காலிக நிவாரணம் தரும்.

2007-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று முடிவெடுக்க உதவும். கடுமையான சியாட்டிகா உள்ள 283 பேரில் ஒரு பாதிக்கு விரைவில் அறுவை சிகிச்சை, மறுபாதிக்கு முதலில் சாதாரண சிகிச்சை எனத் தீர்மானித்தார்கள். முதல் பிரிவினருக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் சுமார் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் அந்த ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்குச் சென்றதும் உண்மை. ஆக, அவசர அறிகுறி இல்லாதவர் காத்திருப்பதும் தவறில்லை. தாங்க முடியாதவர் அறுவை சிகிச்சையைக் கேட்பதும் தவறில்லை.

அப்பாவுக்குக் கத்தி தேவைப்படவில்லை. பிசியோதெரபியும் தினசரி நடையுமாக இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். இப்போது தோட்டத்தில் யாராவது காலை இழுத்துக்கொண்டு வந்தால், சிறுநீர் சரியாகப் போகிறதா என்று அவரே முதலில் கேட்கிறார்.