சிறிய குப்பியும் பேச வேண்டும்

சில மாதங்களுக்கு முன், திருநகரில் உள்ள எங்கள் வீட்டில், நான்கு மாதக் கைக்குழந்தையான என் பேத்தியின் கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் செந்நிறத் தடிப்புகள் தோன்றின. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். "குழந்தைக்கு என்ன பூசுகிறீர்கள்? அந்தப் புட்டியைக் கொண்டு வந்திருக்கிறீர்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. என் மகள் பையிலிருந்து 200 மில்லி லோஷன் புட்டியை எடுத்துக் கொடுத்தாள். அதன் பின்புறத்தில் பொடி எழுத்துகளில் இருந்த பட்டியலைப் படித்த மருத்துவர், நறுமணப் பொருளையும் கெடாமல் காக்கும் ஒரு பொருளையும் சுட்டிக்காட்டி, சில நாள்கள் இதை நிறுத்திப் பாருங்கள் என்றார். நிறுத்தினோம், தடிப்பு மறைந்தது.

அடுத்த வாரம், எங்கள் வீட்டு வேலைகளுக்கு உதவ வரும் அம்மையார், தம் பேரனுக்கும் அதுபோலவே தடிப்பு வந்திருப்பதாகச் சொன்னார். என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டேன். "உங்க பேத்திக்குப் போடுறதுதான் ஐயா. நல்லதுன்னுதானே நீங்க போடுறீங்கன்னு நானும் வாங்கினேன்" என்றார். மறுநாள் அவர் கொண்டுவந்து காட்டியது, அதே லோஷனின் 50 மில்லி குப்பி. அதே பெயர், அதே குழந்தைப் படம். ஆனால், உட்பொருள் பட்டியல் மட்டும் இல்லை.

நிறுவனம் சட்டத்தை மீறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விதிகளைத் தேடிப் படித்த பிறகுதான், சட்டமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது என்பது புரிந்தது.

நம் நாட்டில் குழந்தைகளுக்கான பவுடர், எண்ணெய், லோஷன், ஷாம்பூ போன்றவை 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதன்படி, அழகுசாதனப் பொருள்களுக்கெனத் தனி விதிகள் 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. பொருளின் பெயர், தயாரிப்பாளரின் பெயர், முகவரி, தொகுதி எண், உரிம எண், எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் என்பன உறையில் இருக்க வேண்டும். உட்பொருள்களையும் பட்டியலிட வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை, அளவில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அமைய வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதலாம். தோலை உறுத்தக்கூடிய நறுமணப் பொருள்களும் கெடாமல் காக்கும் பொருள்களும் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கும். எனவே, பட்டியலைக் கடைசியிலிருந்து படிப்பது பெற்றோருக்கு நல்ல பழக்கம்.

இந்த விதியோடு ஒரு விலக்கும் இருக்கிறது. 60 மில்லிக்குக் குறைவான திரவப் பொருள்களுக்கும், 30 கிராமுக்குக் குறைவான திட, அரைத்திடப் பொருள்களுக்கும் இந்தப் பட்டியல் கட்டாயமில்லை. பல நிறுவனங்கள் சிறிய குப்பிகளிலும் தாமாகவே பட்டியலை அச்சிடுகின்றன என்பது உண்மை. ஆனால், அது அவர்களுடைய விருப்பம். வாங்குவோரின் உரிமை அல்ல.

சிறிய குப்பியை யார் வாங்குகிறார்கள் என்ற கேள்வியை ஒரு பொருளியல் ஆசிரியனாக நான் கேட்டே ஆக வேண்டும். ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து எளியவர் கைக்கு எட்டும் விலையில் விற்கும் முறை பரவியதில், கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணனுக்குப் பெரும் பங்கு உண்டு. நாள் கூலியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அது வசதியாக அமைந்தது. மாதச் சம்பளக்காரர் பெரிய புட்டி வாங்குகிறார். வாரச் சம்பளக்காரர் சிறிய குப்பி வாங்குகிறார். அளவை வைத்து அளிக்கப்பட்ட விலக்கு, நடைமுறையில் வருமானத்தை வைத்து அளிக்கப்பட்ட விலக்காக மாறிவிடுகிறது.

விற்பவருக்குத் தெரிந்ததும் வாங்குபவருக்குத் தெரியாததுமான செய்தி சந்தையை எவ்வாறு கெடுக்கும் என்பதை, பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகெர்லாஃப். 2001-இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். கார் வாங்குபவராவது ஓட்டிப் பார்க்கலாம். லோஷனின் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ அறிய முடியாது. பூசப்படும் குழந்தைக்கோ, எரிகிறது என்று சொல்லவும் தெரியாது.

இது சிறு தடிப்போடு முடியும் செய்தியும் அன்று. குழந்தையின் தோல் மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களைவிட மிக அதிகம். ஆகவே பூசும் பொருள் உடலுக்குள் சேரும் வாய்ப்பும் கூடுதல். 1972-இல் பிரான்ஸில், குழந்தைகளுக்கான ஒரு பவுடரில் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக மிகுதியாகக் கலந்துவிட்டதால் 36 குழந்தைகள் உயிரிழந்தனர். இன்று நம் நாட்டு விதிகள் அப்பொருளைத் தடை செய்கின்றன. சோப்பில் மட்டும் ஒரு சதவீதம் வரை அனுமதி உண்டு. அதிலும் குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும்.

தரத்தைச் சோதிக்க அரசு அதிகாரிகள் இருக்கும்போது பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் நடந்ததைப் பார்ப்போம். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் குழந்தைப் பவுடர் மாதிரிகள் 2018 இறுதியில் எடுக்கப்பட்டன. இந்திய தர நிர்ணய அமைவனம் குழந்தைப் பவுடருக்கு வகுத்துள்ள பி.எச். அளவுக்குள் அவை இல்லை என்று கூறி, மும்பை முலுண்ட் ஆலையின் உரிமத்தை மாநில அரசு ரத்து செய்தது 2022 செப்டம்பரில். பின்னர் எடுத்த மாதிரிகள் தரத்துடன் இருந்தன. அந்த நடவடிக்கை அளவுக்கு மீறியது எனக் கருதிய மும்பை உயர்நீதிமன்றம், 2023 ஜனவரியில் அதை ரத்து செய்தது. யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தில் முடிந்துவிட்டது. ஆனால், முதல் மாதிரி எடுக்கப்பட்டபோது பிறந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது நான்கு வயதை எட்டியிருக்கும். சோதனை தேவைதான், எனினும், கடை வாசலில் நிற்கும் தாய்க்கு அன்றே உதவுவது உறையில் உள்ள எழுத்து ஒன்றுதான்.

அந்த எழுத்தும் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். விலை, நிகர அளவு போன்ற விவரங்களை ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட வேண்டும் என்கின்றன பொதியுறைப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகள். பிற மொழிகளைச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. தொலைக்காட்சி விளம்பரத்தில் அழகாகத் தமிழ் பேசும் பொருள்கள், உறையில் மட்டும் தமிழை மறந்துவிடுகின்றன.

சிறிய குப்பியில் இடம் ஏது என்பது உற்பத்தியாளர் தரப்பு வாதம். ஐரோப்பிய ஒன்றியத்தில், இடம் போதாத பொருள்களுக்கு உட்பொருள் பட்டியலைத் துண்டுச் சீட்டிலோ அட்டையிலோ தரலாம். தராமல் விடக் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொருள்களுக்குத் தனியான பாதுகாப்பு மதிப்பீடும் அங்கே தேவை. நம்மாலும் கடுமை காட்ட முடியும் என்பதற்கு 1992-ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் சட்டமே சான்று. பால் பவுடர் டப்பாவில் குழந்தையின் படம்கூட இடம்பெறக் கூடாது என்கிறது அது. குழந்தை உண்பதில் இவ்வளவு கவனம் காட்டும் நாம், அதன் உடலெங்கும் பூசுவதில் ஏன் காட்டக் கூடாது?

எனவே, மத்திய அரசு செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் அன்று. குழந்தைகளுக்கான பொருள்களுக்கு இந்த அளவு விலக்கு பொருந்தாது என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். எச்சரிக்கைகளை அந்தந்த மாநில மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது இரண்டாவது வரி.

அதுவரை, பட்டியல் இல்லாத பொருளைக் குழந்தைக்கு வாங்காதிருப்போம். ஐயம் எழுந்தால், உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கேட்கும் உரிமையை 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு வாங்குவோருக்கு வழங்குகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம்.

அந்த அம்மையாரின் பேரன் இப்போது நலமாக இருக்கிறான். எங்கள் வீட்டுப் பெரிய புட்டியின் பட்டியலைப் படித்துத்தான், அவருடைய சிறிய குப்பியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துச் சொன்னேன். தன் பேரனுக்கு என்ன பூசுகிறோம் என்பதை அறிய, ஒரு பாட்டி அடுத்த வீட்டுப் புட்டியை நம்பியிருக்கக் கூடாது.